ஒரே ஆளை இருமுறை அளந்தால்: மீள்சோதனை நம்பகத்தன்மைக்கு எந்தக் கணிப்பு?

கோணமலையாள் எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் இயன்மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முதுமாணி ஆய்வொன்றைச் செய்துவருகிறேன். சாம்பல்தீவிலிருந்து நிலாவெளி வரையுள்ள கரையில் கரைவலை இழுப்பவர்களின் கைப்பிடி வலுவை ஜேமார் டைனமோமீட்டரால் அளந்து, அதை அவர்களின் தோள் நோவுடனும் மணிக்கட்டு நோவுடனும் ஒப்பிடுவதே நோக்கம். முதன்மை ஆய்வைத் தொடங்கும் முன், ஒரே ஆளைச் சில நாள் கழித்து மறுபடி அளந்தால் ஏறத்தாழ அதே எண் வருகிறதா என்று காட்ட வேண்டியிருந்ததால், 42 பேரைப் 10 நாள் இடைவெளியில் இருமுறை அளந்தேன்.

பியர்சன் இணைபுக் குணகம் 0.99 வந்தது. மேற்பார்வையாளர் மகிழ்ந்துபோய், அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகச் சொன்னார். நானும் போயிருப்பேன், ஆனால் எண்களைக் கணினியில் ஏற்றிய கையோடு கொப்பியைப் புரட்டியபோது, இரண்டாம் நிரலில் உள்ள எண் அநேகமாக ஒவ்வொரு வரியிலும் முதலாவதைவிடப் பெரிதாக இருப்பது கண்ணில் பட்டது. முதற்பக்கத்தில் உள்ள ஆறு பேரின் அளவுகளைக் கிலோகிராமில் அப்படியே தருகிறேன்: 28–31, 32–36, 36–38, 40–44, 44–46, 48–51. மற்றப் பக்கங்களும் இதே சாயல்தான்.

சோடி டீ-சோதனையைச் செய்தால், இரண்டு தடவைகளுக்கும் இடையிலான வித்தியாசம் தற்செயலானதல்ல என்று வருகிறது. ஆக, ஒரு கணிப்பு அச்சொட்டாகப் பொருந்துகிறது என்கிறது, மற்றது பொருந்தவே இல்லை என்கிறது. போதாததற்கு மென்பொருளில் வகுப்பினுள் இணைபுக் குணகம் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் பல வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எண். எதை ஆய்வேட்டில் எழுதுவது, ஏன் அதை எழுதுவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

மகள், கணினி சொன்ன பிறகும் கொப்பியைப் புரட்டிப் பார்த்தீர்களே, அதற்கே பாதிப் புள்ளி போடலாம். உங்கள் இரண்டு கணிப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன, அவ்வளவுதான். நீங்கள் கேட்க நினைத்த கேள்வியை இரண்டுமே கேட்கவில்லை.

பியர்சன் பார்ப்பது புள்ளிகள் ஒரு நேர்கோட்டின் மேல் எவ்வளவு ஒட்டிக் கிடக்கின்றன என்பதை மட்டுமே. அந்தக் கோடு எங்கே கிடக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அது பொருட்படுத்துவதில்லை. உங்கள் ஆறு பேருக்கும் நான் கணித்துப் பார்த்தேன், 0.993 வருகிறது. இரண்டாம் நிரலின் ஒவ்வோர் எண்ணுடனும் இருபதைக் கூட்டினாலும், எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினாலும் அதே 0.993தான் வரும். மீன் வாடியில் நிறுக்கும்போது கிலோவுக்கு நூறு கிராம் கள்ளம் காட்டும் தராசும் நேர்மையான தராசும் பியர்சனின் கண்ணுக்கு ஒன்றேதான்.

சோடி டீ-சோதனைக்கு நேர் எதிரான குறை உண்டு. அது சராசரி நகர்ந்ததா என்று மட்டும் கேட்கும். பாதிப் பேருக்குப் பத்துக் கிலோ கூடி, மற்றப் பாதிக்குப் பத்துக் கிலோ குறைந்தால் சராசரி வித்தியாசம் பூச்சியம். சோதனையும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று சொல்லி ஒதுங்கிவிடும். ஆனால் அப்படி அளக்கும் கருவியை எவரும் கையால் தொடமாட்டார்கள். உங்கள் ஆறு பேருக்கு அது உரக்கக் கத்துவதற்குக் காரணம், சராசரி வித்தியாசம் 3 கிலோவாக இருக்க, வித்தியாசங்களின் நியம விலகல், அதாவது அவை சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 0.89 மட்டுமே என்பதுதான். எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருக்கிறார்கள்.

வகுப்பினுள் இணைபுக் குணகத்தை இனி ஐ.சி.சி. என்று சுருக்கிக்கொள்கிறேன்; கிரிக்கெட் சபையை நினைக்க வேண்டாம். அது மொத்த மாறற்றிறனை, அதாவது எல்லா எண்களிலும் உள்ள மொத்தச் சிதறலை, மூன்றாகப் பிரிக்கிறது: ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு, தடவைக்குத் தடவை உள்ள நகர்வு, இரண்டிலும் சேராத மிச்ச வழு. மொத்தத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதே குணகம். தடவையின் நகர்வை மொத்தத்தில் சேர்த்தால் அது முழு உடன்பாட்டு வகை. சேர்க்காமல் விட்டால் அது இசைவு வகை. ஷ்ரௌட்டும் ஃபிளைஸும் 1979இல் ஆறு வடிவங்களை வகைப்படுத்தினார்கள். மெக்ரோவும் வொங்கும் 1996இல் அதை விரித்தார்கள். அத்தனை பெயர்களையும் பார்த்து மிரள வேண்டாம். உங்களுக்குரிய முடிவுகள் இரண்டே: நகர்வைக் குற்றமாக எண்ணுகிறீர்களா, ஒரு தடவை அளப்பதா அல்லது பல தடவைகளின் சராசரியா என்பவைதான் அவை.

அந்த மூன்று பகுதிகளையும் மென்பொருள் சராசரி வர்க்கம் என்ற எண்களாகத் தரும். உங்கள் எண்களுக்கு ஆட்களின் சராசரி வர்க்கம் 109.2, தடவையின் சராசரி வர்க்கம் 27, மிச்சத்தின் சராசரி வர்க்கம் 0.4. இசைவு வகையில் 108.8ஐ 109.6 ஆல் வகுக்க 0.993 வருகிறது, அதாவது பியர்சன் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. முழு உடன்பாட்டு வகையில் கீழே தடவையின் பங்கும் ஏறி 118.47 ஆகிறது, விடை 0.918. மீள்சோதனைக்குப் பொருந்துவது இந்த இரண்டாவதே, ஏனெனில் இன்றைக்கு 28 காட்டிய கருவி பத்து நாளில் 31 காட்டுவதை நாம் பொறுத்துக்கொள்ள முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் நம்பகத்தன்மைப் பகுப்பாய்வைத் திறந்து ஐ.சி.சி.யை மட்டும் தெரிவு செய்து அப்படியே ஓட்டினால், மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வது இசைவு வகையை. நகர்வை மறைக்கும் வகை அதுவே. முழு உடன்பாட்டை நீங்கள் கையால் மாற்றித் தெரிவு செய்ய வேண்டும். விடைத்தாளிலும் தனி அளவீட்டுக்கு ஒரு வரி, சராசரி அளவீட்டுக்கு ஒரு வரி என்று இரண்டு வரும். இரண்டாவது எப்போதும் பெரிதாக இருப்பதால் கை தானாக அதை நோக்கித்தான் போகும். நோயாளியை ஒரு நாள் மட்டும் அளந்து முடிவெடுப்பீர்கள் என்றால் தனி அளவீட்டின் வரியையே எழுத வேண்டும். ஒரே அமர்வில் மூன்று முறை அழுத்தச் சொல்லி அதன் சராசரியை எடுப்பது வேறு விடயம். அந்தச் சராசரியும் இங்கே ஒற்றை அளவீடே.

உவர்மலை எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்வதில் பிழை காண நான் துணியவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். கூ, லீ ஆகிய இருவரும் 2016இல் எழுதிய, இப்போது எல்லோரும் பின்பற்றும் வழிகாட்டலின்படி 0.5க்குக் கீழே பலவீனம், 0.75 வரை நடுத்தரம், 0.9 வரை நன்று, அதற்கு மேல் மிகச் சிறப்பு. 0.993உம் மிகச் சிறப்பு, 0.918உம் மிகச் சிறப்பு. எப்படிப் போட்டாலும் விடை ஒன்றாகத்தானே வருகிறது? மேற்பார்வையாளருடன் முட்டிமோதி, இரண்டு கிழமையை இழந்து, கடைசியில் அதே சொல்லை எழுதுவதற்கு ஏன் இவ்வளவு பாடு? நான் பார்த்த பல ஆய்வேடுகளில் பியர்சன் மட்டுமே இருந்தது; எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டவைதான்.

கொட்டியாரக் கரை எழுதியது:

உவர்மலை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காக விடை சொல்லாவிட்டால் இந்த இழையில் எழுதியது முழுவதும் வெறும் சடங்காகிவிடும். நான் மருத்துவர், புள்ளிவிபரவியலைத் தேவைக்காகக் கற்றவன். ஆகையால் கணக்கை ஒரு படி பின்தள்ளி, நோயாளியிலிருந்து தொடங்குகிறேன்.

கோணமலையாள் தந்த அதே வித்தியாசங்களை, அதாவது 3, 4, 2, 4, 2, 3 என்பவற்றை, அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். 28இலிருந்து 48 வரை பரந்திருந்தவர்களுக்குப் பதிலாக, ஒருவருக்கொருவர் நெருங்கிய வலுவுள்ள ஆறு பேர் என்று எண்ணிக்கொள்வோம்: 36–39, 37–41, 38–40, 38–42, 39–41, 40–43. கருவி அதே கருவி. ஒவ்வொருவருக்கும் நேர்ந்த வழுவும் அதேதான். சராசரி நகர்வும் அதே 3 கிலோ. இந்தக் குழுவுக்குப் பியர்சன் 0.80. இசைவு வகை ஐ.சி.சி.யும் 0.80. முழு உடன்பாட்டு வகையோ 0.25. மிகச் சிறப்பு என்ற இடத்திலிருந்து பலவீனம் என்ற இடத்துக்கு விழுவதற்கு, கருவியில் ஒரு திருகாணிகூட மாற வேண்டியிருக்கவில்லை.

காரணம் எளிது. குணகத்தின் மேல்தட்டில் இருப்பது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. இளைஞரையும் முதியவரையும் ஒரே பட்டியலில் போட்டால் அந்த வேறுபாடு பெருகி, எவ்வளவு வழு இருந்தாலும் விழுங்கிவிடும். ஒரே வயதினரை மட்டும் எடுத்தால் அதே வழு பூதாகரமாகத் தெரியும். எனவே ‘இந்தக் கருவியின் நம்பகத்தன்மை 0.92’ என்று எழுதுவது அரைகுறை வசனம். எவர்களிடையே அளந்தபோது என்பதையும் சேர்த்தால்தான் அது முழு வசனமாகும். உவர்மலை குறிப்பிட்ட அந்த ‘மிகச் சிறப்பு’, பெரும்பாலும் பரந்த குழுவொன்றின் நன்கொடைதான்.

இதனால்தான் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் இதழில் முன்வைத்த முறையை நான் விடாமல் வலியுறுத்துவேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளின் சராசரியைக் கிடை அச்சிலும், வித்தியாசத்தை நிலை அச்சிலும் இட்டு ஒரு வரைபடம் கீறுங்கள். சராசரி வித்தியாசத்துக்கு இரு பக்கமும் நியம விலகலின் 1.96 மடங்கை எடுத்தால் உடன்பாட்டு எல்லைகள் கிடைக்கும். மேலே உள்ள இரண்டு குழுவுக்கும் அது ஒன்றே: 3 ± 1.75, அதாவது 1.25இலிருந்து 4.75 கிலோ வரை. குழு மாறினாலும் இது மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அத்துடன் விடை கிலோவில் வருகிறது. வாட்டில் நிற்கும் தாதிக்கு 0.918 என்று சொன்னால் விளங்காது. ‘இரண்டாம் முறை அளந்தால் ஒன்றேகால் முதல் நாலேமுக்கால் கிலோ வரை கூடிக் காட்டும்’ என்றால் விளங்கும்.

வரைபடத்தின் மற்றப் பயன், கண்ணுக்குத் தெரிவதுதான். எல்லாப் புள்ளிகளும் பூச்சியக் கோட்டுக்கு மேலே கிடந்தால் நகர்வு இருக்கிறது. வலது பக்கம் போகப் போகப் புள்ளிகள் விசிறிபோல விரிந்தால், வலுக்கூடியவர்களிடம் வழுவும் கூடுகிறது என்று பொருள். அப்போது மடக்கை எடுத்து, வித்தியாசத்துக்குப் பதிலாக விகிதத்தில் எல்லைகளைச் சொல்ல வேண்டும். எந்தக் குணகமும் இந்த இரண்டையும் உங்களுக்குச் சொல்லாது.

இனி முடிவெடுக்கும் இடம். சிகிச்சைக்குப் பிறகு ஒருவரின் வலு எவ்வளவு கூடினால் அது மெய்யான முன்னேற்றம் என்று சொல்லலாம்? அளவீட்டின் நியம வழுவை, அதாவது ஒரு தனி அளவீடு வழக்கமாக எவ்வளவு தடுமாறும் என்ற அளவை, 1.96 ஆலும் இரண்டின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால், கண்டறியத்தக்க மிகச் சிறிய மாற்றம் வரும். மிச்ச வழுவை மட்டும் எடுத்தால் நியம வழு 0.63 கிலோ, மாற்றம் 1.75 கிலோ. நகர்வையும் வழுவாகச் சேர்த்தால் நியம வழு 2.20 கிலோ, மாற்றம் 6.1 கிலோ. ஒரு கணக்கின்படி இரண்டு கிலோ கூடிய நோயாளிக்குக் கைகொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். மற்றக் கணக்கின்படி ஆறு கிலோ கூடியவருக்குக்கூட இன்னும் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும். இந்த இடைவெளியைப் பியர்சனின் 0.99 முழுதாக மூடி மறைத்திருந்தது.

உவர்மலை எழுதியது:

0.92இலிருந்து 0.25க்கு விழுவதை நானே கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரிதான். என் கேள்வியை மீளப் பெறுகிறேன். (மாறற்றிறன் என்றால் என்னவென்று தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கும் என் மைத்துனர் கேட்டார். அவர்கள் பரவற்படி என்கிறார்களாம். நியம விலகலுக்கும் அங்கே திட்ட விலக்கம் என்று பெயர். பொருள் ஒன்றே.)

கிண்ணியாப் பாலம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். முதியோர் விழுதல் பற்றிய வினாக்கொத்து ஒன்றை நாங்கள் தமிழில் ஆக்கி, 50 பேரிடம் இரண்டு கிழமை இடைவெளியில் இருமுறை கேட்டோம். ‘கடந்த ஆறு மாதத்தில் விழுந்தீர்களா’ என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். இரு முறையும் இல்லை என்றவர்கள் 44 பேர், இரு முறையும் ஆம் என்றவர் ஒருவர், முதலில் ஆம் என்று சொல்லிப் பின்னர் இல்லை என்றவர்கள் 3 பேர், மாற்றிச் சொன்னவர்கள் 2 பேர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதே விடையைச் சொல்லியிருக்க, கோகனின் கப்பா என்ற உடன்பாட்டுக் குணகம் 0.23 என்று வருகிறது. வாத்தியார் சேர், இது எந்த ஊர் நியாயம்?

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

கோகன் 1960இல் கப்பாவை வகுத்தபோது, தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடிய பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாராட்டினார். உங்கள் ஐம்பது பேரில் முதல் முறை 46 பேரும் இரண்டாம் முறை 47 பேரும் இல்லை என்கிறார்கள். ஒருவர் வினாவை வாசிக்காமலே எல்லோருக்கும் அநேகமாக இல்லை என்று குறித்திருந்தாலும் நூற்றுக்கு 87 வரை ஒத்துப்போயிருக்கும். அதற்கு மேலே மிஞ்சியிருப்பது நூற்றுக்கு 13. அந்தப் 13இல் நீங்கள் எட்டிப் பிடித்தது 3. அதுதான் 0.23. ஆம் என்பவர்களும் இல்லை என்பவர்களும் சரிபாதியாக இருந்து, அதே ஐந்து பேர் மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தால் கப்பா 0.80 வரை போயிருக்கும். இந்த முரணை ஃபைன்ஸ்டீனும் சிச்செற்றியும் 1990இல் விரிவாக எழுதினார்கள்.

ஆனால் தம்பி, கப்பாவைத் திட்டுவதற்கு முன் உங்கள் எண்களை இன்னொரு முறை பாருங்கள். விழுந்தேன் என்று முதல் முறை சொன்ன நால்வரில் ஒருவர்தான் இரண்டாம் முறையும் அதைச் சொல்கிறார். நீங்கள் தேடுவது விழுந்தவர்களை. அவர்கள் விடயத்தில் வினா உண்மையிலேயே தடுமாறுகிறது. ஆகவே ஆம் விடைக்கான உடன்பாட்டையும் இல்லை விடைக்கான உடன்பாட்டையும் தனித்தனியே எழுதுங்கள்: முதலாவது ஏழில் இரண்டு, அதாவது 0.29; இரண்டாவது 0.95. பரம்பலைச் சரிசெய்த கப்பாவைப் போட்டால் 0.80 என்ற அழகான எண் கிடைக்கும், உண்மைதான். அதை மட்டும் எழுதுவது, முற்றத்தைக் கூட்டிக் குப்பையைப் பாய்க்குக் கீழே தள்ளுவதற்குச் சமம்.

விடைகள் ஐந்து படிகளாக, ‘ஒருபோதும் இல்லை’ தொடங்கி ‘எப்போதும்’ வரை இருந்தால் நிறையிட்ட கப்பாவைப் பயன்படுத்துங்கள். அதுவும் கோகனுடையதே, 1968இல் வந்தது. ஒரு படி தவறுவதையும் நாலு படி தவறுவதையும் அது ஒரே தண்டனையால் தண்டிப்பதில்லை. வர்க்க நிறைகளைப் போட்டால் அது ஐ.சி.சி.க்கு ஈடாகிவிடும் என்று ஃபிளைஸும் கோகனும் 1973இலேயே காட்டிவிட்டார்கள். ஆதலால் இரண்டையும் எழுதி இடத்தை நிரப்ப வேண்டியதில்லை.

நாடிக்குருவி எழுதியது:

நான் கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கிறேன். ஒரே மருத்துவர் ஒரே ஆளின் நாடியை இரண்டு நாட்களில் பார்த்து வாதம், பித்தம், கபம் என்று மேலோங்கியிருப்பதைக் குறித்தால், அதற்கும் நிறையிட்ட கப்பாவைப் பயன்படுத்தலாமா? நாடியின் அளவான மாத்திரை அந்த மூன்றுக்கும் ஒன்று, அரை, கால் என்று இறங்குவரிசையில் இருப்பதாகப் படித்திருக்கிறோம் என்பதால் கேட்கிறேன்.

கொட்டியாரக் கரை எழுதியது:

மாத்திரையில் வரிசை இருக்கிறது, ஆனால் மருத்துவர் குறிப்பது மாத்திரையின் அளவை அன்று. எது மேலோங்கியது என்ற வகையை. வாதத்தைக் கபம் என்று பிழையாகக் குறிப்பது, வாதத்தைப் பித்தம் என்று குறிப்பதைவிட இரண்டு மடங்கு பெரிய பிழை என்று நீங்கள் சாதிக்கத் தயாரானால் மட்டுமே நிறையிடலாம். இல்லையேல் சாதாரண கப்பாவே போதும். இன்னொன்று: பொழுதுக்கேற்ப நாடி மாறும் என்பது உங்கள் துறையே சொல்வது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்துவிட்டு உடன்பாடு இல்லை என்று மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. இரு முறையும் ஒரே நேரத்தில் பாருங்கள். முதல் முறை குறித்த தாளை இரண்டாம் முறை அவர் கண்ணில் காட்டாதீர்கள்.

உவர்மலை எழுதியது:

என் பங்குக்கு ஒரு துணைக் கேள்வி. வினாக்கொத்தென்றால் குரொன்பாக் அல்பா 0.88 என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

போதாது. அல்பா ஒரே அமர்வில் வினாக்கள் தமக்குள் எவ்வளவு ஒத்திசைகின்றன என்பதைச் சொல்வது. பத்து நாள் கழித்து என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியாது.

கோணமலையாள் எழுதியது:

கொட்டியாரக் கரை ஐயா சொன்னபடி வரைபடத்தைக் கீறினேன். 42 புள்ளிகளில் 40 புள்ளிகள் பூச்சியக் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. ஏன் என்று யோசித்தபோது ஒரு காரணம் உடனே தோன்றியது: முதல் முறை அளந்தது கரையிலேயே, வலை இழுத்து முடிந்த காலை வேளையில், இரண்டாம் முறை அளந்தது பொதுநோக்கு மண்டபத்தில், பின்னேரம், அவர்கள் குளித்துச் சாப்பிட்டு வந்த பிறகு. களைத்த கையையும் ஆறிய கையையும் ஒப்பிட்டிருக்கிறேன். இப்படியிருந்தால் அந்த 3 கிலோ கருவியின் வழுவா, மனிதரின் மெய்யான மாற்றமா? வழுவில்லை என்றால் இசைவு வகையை எழுதுவதுதானே நேர்மை?

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

அப்படி வாதிடலாம், வாதிடுகிறவர்களும் உண்டு. எல்லோரும் ஒரேயளவு நகர்ந்தால் வரிசை குலையவில்லை, ஆட்களை ஒருவரோடொருவர் ஒப்பிடும் ஆய்வுக்கு அது போதும் என்பார்கள். உங்கள் முதன்மை ஆய்வு வலுவையும் நோவையும் ஒரே நாளில் அளந்து தொடர்புபடுத்துவது என்றால், இசைவு வகைக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது என்றே நானும் சொல்வேன்.

கொட்டியாரக் கரை எழுதியது:

இங்கே நான் வாத்தியாருடன் உடன்படவில்லை. காரணத்தை ஊகித்தவுடன் வழுவை மன்னித்துவிடும் பழக்கம் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. முழு உடன்பாட்டு வகையை எழுதி, நகர்வைக் கிலோவில் எழுதி, களைப்பு ஒரு சாத்தியமான காரணம் என்று கலந்துரையாடலில் எழுதுங்கள்.

அதற்கும் முன் ஒன்றைச் சொல்லுங்கள்: இரண்டு நாளும் கருவியைப் பிடித்தது ஒரே ஆளா? ஜேமாரின் முகப்பில் உச்சத்தைப் பிடித்து நிற்கும் முள் ஒன்று உண்டு. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் அதைக் கையால் பூச்சியத்துக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால், அடுத்த அழுத்தம் வலுக்குறைந்ததாக இருந்தாலும் முள் பழைய உச்சத்திலேயே நிற்கும். மூன்று முயற்சிகளின் எண்களையும் தனித்தனியே குறித்து வைத்திருக்கிறீர்களா?

கோணமலையாள் எழுதியது:

ஐயா, தாள்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் நாள் நானே அளந்தேன். அன்றைய வரிகள் 29, 28, 27 என்றும் 41, 40, 39 என்றும் இறங்கி வருகின்றன. இரண்டாம் நாள் உதவிக்கு வந்த தங்கச்சி அளந்தாள். அன்றைய வரிகளில் 30, 31, 32, அல்லது 44, 44, 44 என்று இருக்கின்றனவே தவிர, 42 பேரில் ஒருவருக்குக்கூட எண் ஒரு முறையேனும் இறங்கவில்லை. கேட்டபோது, ஆள் மாறும்போது மட்டும் முள்ளைத் திருப்பியதாகவும், ஒரே ஆளின் மூன்று முயற்சிகளுக்கிடையில் திருப்ப வேண்டும் என்று தெரியாது என்றும் சொன்னாள். சொல்லிக் கொடுக்காதது என் பிழை.

இரண்டாம் நாளில் நம்பக்கூடியது ஒவ்வொருவரின் முதல் முயற்சி மட்டுமே என்பதால், இரு நாட்களின் முதல் முயற்சிகளையும் மட்டும் எடுத்து மறுபடி கணித்தேன். 3 கிலோ நகர்வு ஏறத்தாழ 1 கிலோவாகச் சுருங்கியது. அந்த ஒரு கிலோ களைப்பாக இருக்கலாம். முன்பு போலவே பியர்சன் 0.98க்கு மேலேதான் நிற்கிறது. முள் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை.

மேற்பார்வையாளரிடம் வரைபடத்தையும் தாள்களையும் கொண்டுபோய்க் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீண்டும் அளக்க எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்.

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

நல்ல மனிதர். இந்த முறை 50 பேருக்குக் குறையாமல் எடுங்கள். அளவீட்டுப் பண்புகளை மதிப்பிடும் வழிகாட்டல்கள் கேட்கும் அளவு அது. குணகத்துடன் அதன் 95 வீத நம்பிக்கை ஆயிடையையும் எழுதுங்கள். பரீட்சகர் பார்க்க வேண்டியது அதன் கீழ் எல்லையை. எந்த வகை ஐ.சி.சி., தனி அளவீடா சராசரியா, எந்த மென்பொருள் என்ற மூன்றையும் ஒரே வசனத்தில் சொல்லிவிடுங்கள். லின் 1989இல் தந்த ஒத்திசைவுக் குணகத்தையும் போடலாமா என்று கேட்டால், உங்கள் பழைய ஆறு பேருக்கு அது 0.90, ஐ.சி.சி.யின் 0.918க்குப் பக்கத்து வீடு. புதிதாக ஒன்றும் சொல்லாது, விட்டுவிடுங்கள்.

கொட்டியாரக் கரை எழுதியது:

நாளையும் பாருங்கள். ஐப்பசி பிற்பாதியில் வாடைக்காற்று எழும்பிவிட்டால் கரைவலை ஓய்ந்துவிடும். முதல் அளவை வலை இழுக்கும் கிழமையிலும் இரண்டாம் அளவைக் கடல் மூடிய கிழமையிலும் எடுத்தால், நோவும் வலுவும் மெய்யாகவே மாறியிருக்கும். அதை எந்தக் கணிப்பாலும் சரிக்கட்ட முடியாது. வலுவுக்கு ஏழு நாள் இடைவெளி போதும். வினாக்கொத்தும் சேர்ந்திருந்தால், முன்பு சொன்ன விடை நினைவில் நிற்காதபடி இரண்டு கிழமை விடுங்கள்.

கோணமலையாள் எழுதியது:

புரட்டாதி முடியும் முன் இரண்டு சுற்றையும் முடிக்கத் திட்டமிட்டிருக்கிறேன். இரண்டு சுற்றும் பொதுநோக்கு மண்டபத்தில், பின்னேரம் நாலு மணிக்கு. முழங்கை செங்கோணத்தில், பிடி இரண்டாம் நிலையில், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இடையில் ஒரு நிமிட ஓய்வு. தாளில் ஒவ்வொரு முயற்சிக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டிருக்கிறேன். முள்ளைத் திருப்பிய பிறகு தங்கச்சி அதில் சரி அடையாளம் இட வேண்டும். முழு உடன்பாட்டு வகை, தனி அளவீடு, உடன்பாட்டு எல்லைகள், கண்டறியத்தக்க மிகச் சிறிய மாற்றம் ஆகியவற்றை எழுதப்போவதாக முன்மொழிவில் இப்போதே குறித்துவிட்டேன், எண்களைப் பார்த்த பிறகு கை வேறு பக்கம் போகாமல் இருப்பதற்காக. முதற்சுற்று வரும் சனிக்கிழமை.